செகண்ட் டிவி

மர்பி டவுன், பெங்களூரு
புதன்கிழமை

அன்புள்ள அனுஷாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், ஆபரேஷன் செய்த அவள் முழங்கால் உள்பட. அங்கே நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருக்க வேண்டும், கால்கரியில் பனி ஆரம்பித்துவிட்டது என்றாயே, காதை மூடிக்கொண்டு வெளியே போ. தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறவர் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறார் என்று நினைப்பாய். உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதுதான் காரணம். நீ அனுப்பிய டிவி படத்தைப் பார்த்துவிட்டு, புது வருஷத்துக்கு ஆஃபர் வரும், அதுவரை ஆர்டர் போடாதே என்றேன் இல்லையா, அது பொய். ஆஃபரும் இல்லை, ஒன்றும் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன், திட்டுவதானால் கடைசி வரை படித்துவிட்டுத் திட்டு.

அம்மா உள் ரூமில் படுத்தபடி, ஹாலில் ஓடும் டிவியைக் காதால் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் நான் நியூஸுக்கு மாற்றினாலும் ஒன்றும் சொல்லமாட்டாள். அதனால்தானே அவள் ரூமுக்கு இன்னொன்று வாங்கலாம் என்றாய். நானும் சி.எம்.எச். ரோட்டில் ஒரு கடைக்குப் போய்ப் பார்த்தேன். கடைக்காரர் நாற்பத்து மூன்று இன்ச்சே தகொள்ளி சார், அதையே எடுத்துக்கொள்ளுங்கள் என்று கன்னடத்தில் விடாமல் பிடித்தார். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஆறடிகூட இல்லை, அதில் அதை மாட்டினால் கழுத்தைத் திருப்பித் திருப்பியே அம்மா இன்னொரு ஆபரேஷனுக்குப் போக வேண்டியதுதான். முப்பத்திரண்டு போதும், விலையும் அடக்கம், படம் கொஞ்சம் சுமாராக இருந்தாலும் பேச்சு தெளிவாகக் கேட்டால் சரி என்று முடிவு செய்துகொண்டு திரும்பினேன். வழியில் ஆம்ப்ரோஸ் எதிரே வந்தார், மூன்று வீடு தள்ளி இருக்கிறாரே, பெயிண்டர் வேலை பார்த்தவர், போன பிப்ரவரியில்தான் அவர் மனைவி சோஃபியா தவறிப்போனது. அவரிடம், அம்புஜம் ரூமுக்கு ஒரு செகண்ட் டிவி பார்க்கிறேன், விலை கம்மியாக இருந்தால் போதும் என்றேன். நான் சொன்னது இரண்டாவது டிவி. நம் தெருவில் செகண்ட் வண்டி, செகண்ட் பீரோ என்றால் என்ன அர்த்தம்? ஒருத்தர் வைத்திருந்த பழசு. முப்பத்தைந்து வருஷமாக இங்கே குடியிருக்கும் எனக்கு அது உறைக்கவில்லை. நடுவில் இங்கிலீஷ் போட்டுப் பேசினால்தான் எனக்குத் திருப்தி, உனக்குத் தெரியாததா.

மறுநாள் காலையில் ஆம்ப்ரோஸ் வந்து நிற்கிறார். ஒரு டிவியைப் பூப்போட்ட பெட்ஷீட்டில் சுற்றி, குழந்தையைத் தூக்குவது மாதிரி தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி வந்திருக்கிறார். சோஃபியா ரூம்ல இருந்தது சார், நல்லா ஓடுது, காசெல்லாம் வேணாம் என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. சர்க்கார் ஆபீஸில் சூப்பரின்டெண்டாக ரிடையர் ஆனவனுக்கு இவர் தானம் கொடுப்பதா என்று நினைத்தேன். அதை மட்டும் சொல்லியிருந்தால்கூடப் போகிறது. படுக்கையில் கெடந்து போனவங்க ரூம் சாமானெல்லாம் நம்ம வீட்டுக்குச் சரிப்படாது ஆம்ப்ரோஸ், புதுசு வாங்க எனக்கு வக்கில்லையா என்று வாசலில் நிற்க வைத்தே சொல்லிவிட்டேன். அவர், சரி சார், தப்பா நெனச்சுக்காதீங்க என்று சொல்லிவிட்டு அந்த மூட்டையோடு திரும்பிப் படி இறங்கினார். உள்ளேயிருந்து அம்மா, யாருங்க அது என்று கேட்டாள். யாருமில்லை, ஆம்ப்ரோஸ்தான் என்றேன்.

அம்மா எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொண்டுதான் யாரென்று கேட்டிருக்கிறாள். காபி கொண்டுபோய்க் கொடுத்தேன், தொடவில்லை, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். சாயங்காலம்தான் வாயைத் திறந்தாள். ரெண்டு மணிக்கு நீங்க படுத்தா நாலு மணிக்கு எழுந்திருப்பீங்க, அந்த நேரத்துல நான் எங்க போனேன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா என்றாள். மார்க்கெட்டுக்குப் போகிறாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். ஒன்றரை வருஷம் தினமும் சோஃபியா கட்டிலில் உட்கார்ந்து இரண்டு பேரும் சீரியல் பார்த்திருக்கிறார்கள். சோஃபியாவுக்குச் சர்க்கரையால் கண் மங்கிவிட்டது, அதனால் திரையில் நடப்பதை இவள் வாயால் சொல்லச் சொல்ல அவர் கேட்டுக்கொண்டிருப்பாராம். ஆம்ப்ரோஸ் எனக்கு ஒன்றும் தானம் கொடுக்க வரவில்லை அனு. அம்மாவுக்குச் சேர வேண்டியதை அம்மாவுக்குக் கொண்டுவந்திருக்கிறார்.

அப்புறம் மூன்று நாள் நான் பின் சந்து வழியாகப் போய்ப் பால் வாங்கினேன், அவர் முகத்தில் முழிக்கத் தைரியமில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் சர்ச்சிலிருந்து வந்ததும் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் அவர், தப்பு என்னுதுதான் சார், செகண்ட்னு சொன்னதும் சட்டுனு சோஃபியாது ஞாபகம் வந்துருச்சு, யோசிக்காம தூக்கிட்டு வந்துட்டேன் என்றார். அந்த டிவியைக் கொடுங்க என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. நான் கொண்டாந்து தரேன் சார் என்றார், விடவில்லை. அவர் ஒரு தடவை தூக்கியது போதும் என்று அதே பெட்ஷீட்டோடு நானே தூக்கிக்கொண்டு வந்தேன். ஞாயிறு, தெருவே வெளியில் நிற்கிறது. எதிர்வீட்டு உஷா, என்ன சார், செகண்ட் டிவியா என்று உரக்கக் கேட்டாள். ஆமாம்மா, செகண்ட்தான் என்றேன்.

அம்மா ரிமோட்டை வாங்கி, பார்க்காமலே விரலால் தடவி ஆன் செய்தாள். மூன்று பொத்தான்களில் சிவப்பாகப் பொட்டு மாதிரி ஏதோ புடைத்திருந்தது, என்ன இது என்று கேட்டேன். சோஃபியாவுக்கு விரலில் தட்டுப்பட வேண்டும் என்று இவள் வைத்துக் கொடுத்ததாம். அனு பீரோவுல விட்டுட்டுப் போன நெயில் பாலிஷ் என்றாள். ஆக, அந்தப் பெட்டியில் நம் வீட்டு வாசம் எப்போதோ ஏறிவிட்டது, எனக்குத்தான் தெரியவில்லை. இப்போது நான் இரண்டு மணிக்குத் தூங்குவதில்லை, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். மருமக உள்ள வர்றா, மூஞ்சியே சரியில்ல என்று அம்மா வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பார்க்கிறாள். எனக்குத்தான் கண் நன்றாகத் தெரிகிறதே என்று நான் சொல்லவில்லை.

அதனால் நீ ஆர்டர் எதுவும் போட வேண்டாம். வேளைக்குச் சாப்பிடு, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே, எல்லா நலனும் பெற்று இரண்டு பேரும் ஒற்றுமையாக இருங்கள், அம்மாவின் ஆசியும் இதில் சேர்த்தி. கிறிஸ்துமஸ் அன்று மறக்காமல் ஆம்ப்ரோஸ் அங்கிளுக்குப் போன் செய். டிவி பேச்சை மட்டும் எடுக்காதே, எடுத்தால் அவர் மறுபடியும் மன்னிப்புக் கேட்பார். நான் இன்னும் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

உன் அப்பா,
கணேசமூர்த்தி