பணம் வந்ததா என்று உன்னிடம் கேட்ட ஆறு மாதம்

அன்புள்ள பெரியவனுக்கு, அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், நீயும் மருமகளும் பேத்தியும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சுகம் விசாரித்தாயிற்று, இனி திட்டப் போகிறேன், உட்கார்ந்து படி. போனில் சொன்னால் நடுவில் சரிம்மா சரிம்மா என்று என் வாயை அடைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

போன தடவை வந்தபோது தையல் கடை மேஜையில் கட்டம் கட்டமாக ஒரு அட்டையை ஒட்டிவிட்டுப் போனாயே, ஆட்கள் அதில் போனைக் காட்டினால் பணம் போய்விடும் என்று. எங்கே போகும் என்று சொன்னாயா? உன் கணக்குக்குப் போகிறது, செய்தியும் உன் போனுக்கே வருகிறது. அம்மாவுக்கு இதெல்லாம் புரியாது, யாராவது ஏமாத்திடுவாங்க என்று நீ மருமகளிடம் சொன்னது என் காதில் விழாமல் இல்லை. அதற்கப்புறம் யார் துணி வாங்க வந்தாலும் உனக்குப் போன் போட்டு, பணம் வந்ததா என்று கேட்டு, வந்துவிட்டது என்று நீ சொன்ன பிறகுதான் பையை நீட்டுகிறேன். மாதக் கடைசியில் நீ மொத்தமாக அனுப்பும்போது முப்பத்தொரு வருடமாக நான் நடத்துகிற கடையில் உன்னிடம் சம்பளம் வாங்குகிற மாதிரி இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை நர்ஸ் வந்தாள், பதினைந்து வருடமாக நம்மிடமே சீருடை தைக்கக் கொடுக்கிறவள். புது ஆஸ்பத்திரியில் அன்றைக்குத்தான் அவளுக்கு முதல் நாள். பணத்தை அனுப்பிவிட்டுத் தன் போனை என் கண்ணுக்கு நேரே காட்டினாள். நான் உனக்கு அடித்தேன், எடுக்கவில்லை. நாலு தடவை அடித்தேன். நான் சொல்லாம துணியக் குடுக்காதீங்கம்மா, பணம் அனுப்புன பழைய படத்தக் காட்டி ஏமாத்துறாங்க என்று நீ சொன்னது மண்டையில் உட்கார்ந்திருந்தது. பதினைந்து வருடப் பழக்கத்தை விட்டுவிட்டு உன் பேச்சைக் கேட்டேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். இருபது நிமிடம் நின்று பார்த்துவிட்டு வீட்டில் உடுத்தும் துணியோடேயே புது வேலைக்குப் போனாள் அவள். இரண்டு மணி நேரம் கழித்து நீ கூப்பிட்டு, மீட்டிங்ல இருந்தேம்மா, அது அப்பவே வந்துடுச்சே, குடுத்துடுங்க என்று சிரிக்கிறாய். சாயங்காலம் பையைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்கு நடந்தேன். நாற்காலி போட்டு உட்காரவைத்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பரவாயில்லக்கா, கடை உங்களோடதுன்னு நெனச்சுட்டேன் என்றாள். எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று எனக்கே தெரியாது.

புள்ள நல்லதுக்குத்தானே செஞ்சான், விடு என்கிறார் உன் அப்பா. நீங்க காஜா எடுக்குற வேலைய மட்டும் பாருங்க என்று சொல்லிவிட்டேன். மறுநாளே ஒரு கம்பெனிக்காரரை வரச் சொன்னேன். கார்டு தேய்க்கிற மெஷினாம், மாத வாடகையாம், நூற்றுக்கு இவ்வளவு பிடிப்பார்களாம், பணம் இரண்டு நாள் கழித்துத்தான் விழுமாம். வீட்டில் படித்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று வேறு கேட்டார். ஐந்தாவது படித்தவள் கேட்கிறேன், தகராறு வந்தால் நான் யார் முன்னால் போய் நிற்பது என்றேன். ஒரு நம்பர் கொடுத்தார். அவர் முன்னாலேயே அடித்தேன். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று சொல்லிவிட்டு ஒன்பது நிமிடம் பாட்டுப் போட்டார்கள். தண்ணீர் கொடுத்து அனுப்பிவைத்தேன்.

அப்புறம் நம் வங்கிக்கே போய், யார் கணக்கில் விழும், எப்போது விழும், எவ்வளவு பிடிப்பீர்கள் என்று மூன்றையும் கேட்டேன். கவுண்டர் பெண் ஒவ்வொன்றாகப் பொறுமையாகச் சொன்னாள். உடனே விழும், என் கணக்கில் விழும், பிடித்தம் இல்லை, வந்த தொகையைச் சத்தமாகச் சொல்கிற சின்னப் பெட்டிக்கு மட்டும் கொஞ்சம் வாடகை. வாடகைதான் உறுத்தியது, ஆனால் என் பட்டன் போனுக்கு அதை விட்டால் வழியில்லை, காதால் கேட்டால் போதுமே. முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உன் அட்டையைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு, வங்கி என் பெயரில் கொடுத்த அட்டையை ஒட்டியாயிற்று. பெட்டியின் முதல் சத்தத்தில் உன் அப்பா ஊசியைக் கையில் குத்திக்கொண்டார்.

இந்த மாதப் பணத்தை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவிடு. இன்னொன்று, இதுதான் எனக்கு ரொம்பக் கோபம். நேற்று பேத்தியின் நீச்சல் போட்டி என்னவாயிற்று என்று கேட்கத்தான் அடித்தேன். எடுத்த வேகத்தில், வந்துடுச்சும்மா, குடுத்துடுங்க என்று சொல்லி வைத்துவிட்டாய். நான் வாயையே திறக்கவில்லையடா. ஆறு மாதமாக அம்மா என்றால் உனக்கு அது ஒன்றுதான். இனி அதற்கு நான் கூப்பிட மாட்டேன்.

மூன்று பேரும் நோய்நொடியில்லாமல் நூறு வருடம் நன்றாக இருங்கள். மருமகளை முதுகுவலிக்கு டாக்டரைப் பார்க்கச் சொல். குழந்தை எத்தனையாவதாக வந்தாள் என்று கடைக்கு வருகிறவர்களெல்லாம் கேட்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை நீயே கூப்பிட்டுச் சொல், நிதானமாகப் பேசு.

இப்படிக்கு,
கடைக்காரி,
உன் அம்மா