கொடியில் ஓர் அரிவாள்

எருசலேம்,
வெள்ளி மாலை

என்னவருக்கு,

நான்கு கடிதம் போட்டும் ஒரு வரி பதில் இல்லை. சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டுகிறவருக்கு நேரம் கிடைக்காதுதான். முன்பு எழுதியிருந்தீர்களே, அந்தக் காய்ச்சல் விட்டதா என்று மட்டுமாவது எழுதுங்கள்.

வேதமும் உழைப்பும் ஒன்றே என்று நாம் இளைஞர் இயக்கம் தொடங்கியபோது, முதல் கொடியை நான்தானே தைத்தேன்? பத்துக் கட்டளைப் பலகைகள், கோதுமைக் கதிர், அரிவாள். அதைப் பார்த்துவிட்டு அப்பா, "ஏன் மாப்பிள்ளை, நீங்க பண்டிதரா, கூலியாளா?" என்று கேட்டார். "ரெண்டும்தான் மாமா" என்று சிரித்தீர்கள். கிளம்பத் தயங்கிய உங்களை, "கொடியில தச்சா போதுமா? போய் வெட்டிக் காட்டுங்க" என்று விரட்டியது நான்தான்.

இன்று மதியம் அந்த அரிவாளை ஒவ்வொரு தையலாகப் பிரித்துவிட்டேன். நூல் போய்விட்டது. ஊசி குத்திய துளைகள் அதே வளைவில் நிற்கின்றன.

பண்டிதராகவும் வேண்டாம், கூலியாளாகவும் வேண்டாம். சும்மா வந்து உட்கார்ந்திருங்கள், போதும்.

காலையில் உங்கள் முகாமிலிருந்து ஓர் உறை வந்தது. மேலே இருப்பது உங்கள் கையெழுத்து இல்லை, செயலாளர் எல்ஹனானுடையது. அவருக்கு என்னிடம் என்ன வேலை? பிரிக்காமல் கொடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

"விளக்கேத்தும்மா, பொழுது போகுது" என்று அப்பா கூப்பிடுகிறார். ஏற்றிவிட்டால் ஓய்வுநாள். எழுதவும் கூடாது, உறையைக் கிழிக்கவும் கூடாது. அந்தச் சட்டத்துக்கு இன்றுதான் முதன்முறையாக நன்றி சொல்கிறேன். நாளை வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிந்து ஓய்வுநாள் முடியும்வரை நீங்கள் நன்றாக இருக்கிறீர்கள்.

உங்கள்
மனைவி