ஹிக்மத்துக்காக வாங்கிய சிவப்பு ரேடியோ

பிப்ரவரி 11, 2018, ஞாயிறு

குளியலறைக் குழாய்க்கு வாஷர் வாங்கத்தான் தாஷ்கண்டின் யாங்கியாபாத் பழைய சாமான் சந்தைக்குப் போனேன். வாஷர் வாங்கவில்லை.

தரையில் விரித்த கம்பளத் துண்டின் மேல், இறைச்சி அரைக்கும் இயந்திரத்துக்கும் துருப்பிடித்த கத்தரிகளுக்கும் நடுவே அது இருந்தது. மேஜை மேல் வைக்கிற வால்வு ரேடியோ. ஐம்பத்து நான்காம் வருஷத்தது. சிவப்பு. தம்பி ஹிக்மத் பதினேழு வயதில் பத்திரிகையிலிருந்து இதன் படத்தை வெட்டிச் சுவரில் ஒட்டியிருந்தான். "பச்சை கெடைக்கறதே கஷ்டம்க்கா. சிவப்பெல்லாம் கண்ணாலகூடப் பாக்க முடியாது" என்பான்.

விற்பவள் பெயர் ரிம்மா. அறுபது வயதிருக்கும். மேல்வரிசையில் முன்பற்கள் நான்கு இல்லை. கையால் வாயை மறைத்துக்கொண்டே விலை சொன்னாள். என் பையில் அதில் பாதிகூட இல்லை.

"வேலை செய்யுதா?"

"என்னையக் கேக்கறியா, அதையக் கேக்கறியா? ரெண்டுக்கும் வயசாச்சு."

திரும்பி நடந்திருக்க வேண்டும். வாயில் வேறு வந்துவிட்டது. "நான் பல் செட் செய்யறவ. மேல்வரிசையில இல்லாத பல்லெல்லாம் கட்டித் தரேன்க்கா. இதைக் குடுங்க."

அவள் கையை இறக்கினாள். குதிரைக்காரன் குதிரையின் வாயைத் திறந்து காட்டுவதுபோல் உதட்டைத் தூக்கிக் காட்டினாள். "கடிக்க முடியலேன்னா ரேடியோவத் திரும்ப எடுத்துட்டுப் போயிருவேன்."

அதே நாள், மாலை

ஹிக்மத் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். ரஷ்யாவில் கட்டட வேலையில் கை நசுங்கித் திரும்பி வந்த இந்த ஐந்து மாதமும் அப்படித்தான். கட்டிலருகே ஸ்டூல் போட்டு ரேடியோவை வைத்தேன்.

"ஒரு தடவ திரும்பிப் பாரேன்."

பார்த்தான். ஒரு நொடி கண் அதில் நின்றது. இல்லை, நான் கற்பனை செய்யவில்லை, நின்றது. பிறகு போர்வைக்குள்ளிருந்து வலது கையை எடுத்து நீட்டினான். கட்டைவிரல். சுண்டுவிரல். நடுவில் ஒன்றும் இல்லை.

"இதை வெச்சு ரிப்பேர் பண்ணச் சொல்றியா? இல்ல, வாயில அச்சு எடுக்கற மாதிரி எடுத்து வெரலும் செஞ்சு குடுப்பியா?"

மறுபடி சுவர்.

பிப்ரவரி 14

அவன் பெல்ட்டையும் எல்லா மாத்திரைகளையும் என் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். மதிய இடைவேளையில் வேலையிலிருந்து ஓடி வந்து பார்த்துவிட்டு ஓடுகிறேன்.

பிப்ரவரி 25

நானே செய்கிறேன் என்று தொடங்கினேன். பல் வேலைக்கு வைத்திருக்கும் தூரிகையால் தூசி எடுத்தேன். ஒவ்வொரு வால்வையும் துடைத்தேன். அவன் அறையிலேயே உட்கார்ந்து, வேண்டுமென்றே சத்தமாக, "இந்தக் கம்பி எங்க போகுதுன்னு தெரியலையே" என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அவன் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டான். பிளக்கைச் செருகினேன். ஒரு நிமிஷம் வால்வுகள் சிவந்தன. பிறகு கண்டென்சர் பட்டென்று வெடித்து அறை முழுக்கப் புகை. பிளக்கைப் பிடுங்கி, ஈரத் துண்டை வீசி விசிறினேன்.

அவன் இருமினான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "ஏன்க்கா புடுங்கின? அப்படியே விட்டிருக்கலாமே."

சமையலறையில் போய் நின்றேன்.

மார்ச் 6

ரிம்மாக்கா கிளினிக்குக்கு வந்தாள். அச்சு எடுத்தேன். வாய் நிறைய அச்சு மாவு இருக்கும்போதும் வேடிக்கையாகப் பேசினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 21, நவ்ரூஸ்

பக்கத்து வீட்டார் புதுவருஷத்துக்குக் காய்ச்சிய சுமலாக் என்ற கோதுமைக் களி ஒரு கிண்ணம் கொண்டுவந்து தந்தார்கள். ஹிக்மத் தொடவில்லை. அவன் மனைவி பெர்கானா ஊரில் தன் அம்மா வீட்டில்தான் இருக்கிறாள். வாழ்த்துச் சொல்லக்கூட அழைக்கவில்லை. நான் அழைத்தேன். எடுக்கவில்லை.

மார்ச் 24

ஒரு ரிப்பேர்க்காரரை அழைத்து வந்தேன். சமையலறை மேஜையில் ரேடியோவைக் கவிழ்த்துப் பார்த்தார். "யாரோ தெரியாதவங்க கை வெச்சிருக்காங்க. வீட்டுல இதெல்லாம் தெரிஞ்ச ஆம்பளை யாரும் இல்லையா?" என்றார். நல்ல மனுஷர்தான். குரல்தான் பெரிது. ஹிக்மத்தின் அறைக்கும் சமையலறைக்கும் இடையில் ஒரே ஒரு மெல்லிய கதவு.

திங்கட்கிழமை வருவதாகச் சொல்லிப் போனார்.

மார்ச் 25

ஹிக்மத் ரேடியோவை உடைத்துவிட்டான். நான் ரொட்டி வாங்கப் போயிருந்தேன். வால்வுகளை ஒவ்வொன்றாக இடது கையால் பிடுங்கித் தரையில் போட்டு மிதித்திருக்கிறான். வெறுங்காலால்.

மார்ச் 26

ரிப்பேர்க்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நேற்று எழுதாததை எழுதுகிறேன். அவன் பாதத்திலிருந்து கண்ணாடித் துண்டுகளை எடுத்துக்கொண்டிருந்தேன். சட்டென்று அவனை அறைந்துவிட்டேன். சின்ன வயதில்கூட அடித்ததில்லை.

"இன்னொண்ணு அடி" என்றான்.

அடிக்கவில்லை. ஆனால் அடிக்க வேண்டும்போல் இருந்தது. அதுதான் பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 8

எதற்கு வாங்கினேன் அதை? அவனுக்காகவா? அவன் பக்கத்தில் ஒன்றும் பேசாமல் உட்கார என்னால் முடியவில்லை. நடுவில் வைக்க ஏதோ ஒரு பொருள் வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

ஏப்ரல் 15

ரிம்மாக்காவுக்குப் பல் தயார். கிளினிக் வேண்டாம், வீட்டுக்கே வருகிறேன், சூடான ரொட்டியைக் கடித்துப் பார்க்க வேண்டும் என்றாள். கடித்தாள். ஓரத்து மொறுமொறுப்பையும் கடித்தாள். கண்ணில் நீர் வந்தது. "ஆறு வருஷமாச்சு, இப்படிக் கடிச்சு" என்றாள்.

பிறகு அலமாரியில் உடைந்த வால்வுகளின் கண்ணாடித் தூள் இருந்த தட்டைப் பார்த்துவிட்டாள். நான் தடுப்பதற்குள் அவன் அறைக்குள் போய்விட்டாள்.

"நீதான் ஒடச்சியா?"

"ஆமா. என்னோடது. ஒடச்சேன்."

"உன்னோடதா! எனக்குப் பல்லு கட்டுனது அவ. நீ என்னத்தக் கட்டுன? அதுல ஒரு ஸ்க்ரூகூட உனக்குச் சொந்தமில்ல."

ஹிக்மத் அவளையே பார்த்தான்.

"பல்லு நல்லாத்தான் இருக்கு" என்றான். "சத்தம்தான் ஜாஸ்தி."

ரிம்மாக்கா வாயை மறைக்காமல் சிரித்தாள்.

எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அன்று முழுவதும் பாட்டு முணுமுணுத்தேன். முட்டாள்.

ஏப்ரல் 19

நான்கு நாளாக ஹிக்மத் சாப்பிடவில்லை. தேநீர் மட்டும். முகம் கழுவவும் எழவில்லை. முன்பைவிட மோசம்.

ஏப்ரல் 29

"என் பெல்ட் எங்க?"

கழிப்பறைக்குப் போக எழுந்தவன் கேட்டான். பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை, அவ்வளவு இளைத்துவிட்டான். தரவில்லை. மண்டியிட்டு, ஊக்கு குத்திவிட்டேன். ஊக்கு இரண்டு தடவை என் விரலில் குத்தியதைப் பார்த்துவிட்டான்.

"பயமா இருக்காக்கா?"

"ஆமா."

"எனக்கும்தான்" என்றான்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவனும் சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்தான். இரண்டு பேரும் அழுதோம். அவன் வந்த நாளிலிருந்து முதல் தடவை. பிறகு டாக்டரிடம் போகலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

மே 3

டாக்டரிடம் போய் வந்தோம். வழி முழுக்க என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

மே 13

ரிம்மாக்கா ஒரு துணிப்பை நிறைய பழைய வால்வுகள் அனுப்பியிருக்கிறாள். பாதியில் எழுத்து அழிந்திருக்கிறது. எது எது என்று எனக்கு எப்படித் தெரியும்? பையைக் கட்டிலடியில் தள்ளிவிட்டேன். ஆசைப்பட்டது போதும்.

மே 16

வேலை முடிந்து வந்தேன். கட்டிலருகே ஸ்டூலில் வால்வுகள் வகை பிரித்து வரிசையாக நின்றன. அவன் தூங்கிக்கொண்டிருந்தான். போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டேன்.

மே 27

இன்று அவன் எழவில்லை. நேற்றும்.

ஜூன் 3

அவன் சொல்லச் சொல்ல ரேடியோவின் கம்பிகளை நான் ஈயத்தால் பற்றவைத்தேன். "இடது பக்கம். என் இடது இல்லக்கா, அதோட இடது. ஐயோ, நீ எப்படித்தான் ஜனங்களுக்குப் பல்லு கட்டறியோ!" ஒரு மணி நேரம். பிறகு களைத்துப் படுத்துவிட்டான்.

ஜூன் 17, ஞாயிறு

மதியம் ரேடியோ உயிர் பெற்றது. புகை இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் மஞ்சள் வெளிச்சம். ஒலிபெருக்கியில் மழைபோல் இரைச்சல். குமிழை நானே திருப்பினேன், இந்த முனையிலிருந்து அந்த முனை வரை. மாஸ்கோ, கீவ், தாஷ்கண்ட் என்று எழுதியிருந்த இடமெல்லாம் இரைச்சல். அடுத்த அலைவரிசை. அதிலும் ஒன்றுமில்லை.

"எங்க தப்பாச்சு? எந்தக் கம்பிய விட்டேன்?"

"ஒண்ணும் தப்பாகல. நல்லா வேலை செய்யுது" என்றான் ஹிக்மத். "அதுல பேசறவங்கதான் இல்ல. அந்த நிலையமெல்லாம் மூடி எத்தனையோ வருஷமாச்சு."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"நீ கொண்டாந்து ஸ்டூல்ல வெச்ச அன்னைலேருந்து."

எனக்குக் கோபம் வந்தது. நான்கு மாதம். என் விரல் நுனி முழுக்கத் தீக்காயம். "வாயத் தொறந்து சொல்லியிருக்கக் கூடாதா?"

அவன் ரேடியோவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொல்லியிருந்தா, இங்க வந்து உக்கார்றத நீ விட்டிருப்பக்கா."

ஆமாம். விட்டிருப்பேன்.