பச்சைக் கோடுகள் கூடுமிடம்

ஏரி வறண்டு, மெட்ராஸ்காரர்கள் குடத்தோடு தண்ணீர் லாரிக்கு நின்ற வருடம் அது. நம் நாடு கிரிக்கெட்டில் முதல் உலகக் கோப்பை வாங்கியதும் அப்போதுதான். இன்று சுங்குவார்சத்திரம் ஆட்டோ ஸ்டாண்டில் ஆயுத பூஜைக் கற்பூரம் மணத்தது. நின்ற இடத்திலேயே அந்த வருடத்துக்குப் போய்விட்டேன், மச்சான். எனக்குத்தான் எழுத்து தெரியாதே. சொல்கிறேன், பேத்தி எழுதுகிறாள்.

தண்டலம் பக்கத்தில் நாம் வேலை பார்த்த, விமான எஞ்சினைச் சோதிக்கும் கொட்டகை. எஞ்சின் இழுக்கும் காற்றில் எண்ணெய்ப் புகையைக் கலப்பது என் வேலை. லேசரின் இரண்டு பச்சைக் கோடுகளைக் கண்ணாடி வழியாக உள்ளே விட்டு, ஒரே புள்ளியில் கூட வைப்பது உன் வேலை. அந்தப் புள்ளியைத் தாண்டும் புகைத்துளி மின்னும். அதை வைத்துத்தான் மிஷின் காற்றின் வேகத்தைச் சொல்லும். திருகைத் திருப்பும்போது நீ மூச்சுகூட விடமாட்டாய். "கூடிச்சுடா!" என்று நீ கத்திய பிறகுதான் எஞ்சினைக் கிளப்புவார்கள்.

ஆயுத பூஜையன்று மிஷினுக்கு வழக்கமாகக் கற்பூரத் தட்டு காட்டுகிறவன் நான். அந்த வருடம் பெரியப்பா செத்த தீட்டு; ஒதுங்கி நின்றேன்.

"எங்க ஏசுவுக்குத் தீட்டெல்லாம் கெடியாது. குட்றா இப்டி," என்று வாங்கிக்கொண்டாய்.

"லேசர் லைட்டை அணைச்சிட்டுக் காட்டுப்பா," என்றார் இன்ஜினியர்.

"லைட்டு எரியாத மிஷினுக்கு இன்னா சார் பூஜை? பொணத்துக்குக் காட்ற மாறி கீது."

அவரும் சிரித்துவிட்டார். பித்தளைத் தட்டை ஒரு சுற்றுதான் சுற்றினாய். அதில் பட்டுத் தெறித்த பச்சை உன் வலது கண்ணுக்குள் போனது.

"இன்னாடா... நடுவுல கருப்பா கீது."

பெரியாஸ்பத்திரிக்குப் போயும் அந்தக் கருப்பு கலையவில்லை.

ஒற்றைக் கண்ணுக்கு எது முன்னே, எது பின்னே என்று பிடிபடவில்லை. உன் கையில் கோடுகள் கூடாமலே போயின. உன்னை கேட்டில் காவலுக்கு உட்கார வைத்தார்கள். சாயங்காலம் ஆனால் என்னை நிறுத்துவாய்: "கூடிச்சாடா?" கூடியது என்றால் உன் முகம் செத்துப்போகும். கூடவில்லை என்றால் அதைவிட மோசம். ஒருநாள் தலையைக் குனிந்துகொண்டு நழுவினேன்.

"ஏய் கன்னியப்பா, சொல்லாம போவாத. நல்லதோ கெட்டதோ, சொல்லிட்டுப் போ."

அதன்பிறகு நீ கண்ணை மூடும்வரை தினமும் சொன்னேன்.

கொட்டகை இருந்த இடத்தில் இப்போது கார் கம்பெனி மதில். அந்தப் பித்தளைத் தட்டு என் வீட்டில் கறுத்துக் கிடக்கிறது. மருமகள் புளி போட்டுத் தேய்க்க எடுத்தால் பிடுங்கி வைத்துவிடுகிறேன். இன்ஜினியரும் போய்ச் சேர்ந்துவிட்டார். உன் பெண்டாட்டி ஸ்டெல்லாவும் போன மழைக்காலத்தில் போய்விட்டாள். சாயங்காலம் அந்த மதிலோரம் வந்தால் கால் தானாக நிற்கிறது. "கூடிச்சாடா?" என்று கேட்க நீ இல்லை. சொல்ல மிச்சம் இருப்பது இந்தக் கன்னியப்பன் ஒருத்தன்தான்.