உன் சட்டைப் பையோடு போன சாவி

என் அருமை தேவாண்ணா,

உன் லாரி எடைமேடை பூட்டிக்கொண்டுவிட்டது. போன வாரம் காலையில் அண்ணி கம்ப்யூட்டரைப் போட்டதும் திரையில் ஒரு எண் வந்து நின்றது. வெளியே ஸ்பீக்கரில் உன் குரல், "சாவி போடு... சாவி போடு" என்று கேட்க ஆரம்பித்தது. எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. உன்னைப் புதைத்து ஒரு வருஷம் ஆகப்போகிறது.

நீ எழுதிய மென்பொருளை எவனும் காப்பி அடித்துவிடக் கூடாது என்று, வருஷா வருஷம் புதுச் சாவி கேட்கிற மாதிரி வைத்தாய். சரி, ஊராருக்கு வை. சொந்த மேடைக்குமா பூட்டுவாய்? திரையில் வரும் எண்ணுக்கு ஏற்ற சாவி எண்ணைச் சொல்லத் தெரிந்தது உன் போனுக்கு மட்டும்தான். அந்தப் போன் எங்கே? மூலக்கொத்தளம் இடுகாட்டில் உன்னைக் குழிக்குள் இறக்கும் முன், "இது இல்லாம இந்த மனுசன் எப்டி இருப்பாரு" என்று அண்ணிதான் அதை உன் சட்டைப் பையில் வைத்தாள். நாங்களும் தலையாட்டிக்கொண்டு நின்றோம்.

வேறு மென்பொருள் போட்டால் மேடை அன்றைக்கே ஓடியிருக்கும். ஆனால் அதோடு நீ பதிந்து வைத்த உன் குரல் போய்விடும். "வண்டிய ஏத்து", "நிறுத்து", "எறக்கு" என்று நீ லாரிக்காரர்களை அதட்டுவதைக் கேட்டுத்தான் அண்ணி இந்த வருஷத்தை ஓட்டினாள். அது போய்விடுமே என்றுதான் அவளுக்குப் பயம்.

'சாவி போடு' தாங்க முடியாமல் நான் ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கப் போனேன். அண்ணி கையைத் தட்டிவிட்டாள். "வாசல்ல வந்து கேட்டுகினு கீறாரு நைனா. சாவிய குட்து அனுப்பு."

கம்ப்யூட்டருக்கு மட்டும் புரியும்படி நீ மாற்றி வைத்திருந்த நிரலைத் துண்டு துண்டாகப் பிரித்துப் படித்தேன். சாவி தப்பென்றால் திருப்பி அனுப்பு என்று ஒரு கட்டளை இருந்தது. அதைச் செயலிழக்க வைத்தேன். அண்ணி வாய்க்கு வந்த எண்ணை அடித்தாள். திறந்துகொண்டது. "வண்டிய ஏத்து" என்றாய். முதல் லாரிக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னாமா, அண்ணாத்தைக்குக் கோவம் தீந்துச்சா?" என்றார்.

அத்தோடு விட்டிருக்கலாம். நிரலின் ஒரு மூலையில், எந்தக் கட்டளையும் போய்த் தொடாத ஓர் ஒலிப்பதிவு கிடந்தது. மைக்கைச் சோதிக்க நீ பதிந்தது போல. அண்ணி சந்தோஷப்படுவாள் என்று போட்டுக் காட்டினேன்.

"இன்னாமே, நான் பேசறது கேக்குதா?" என்றாய்.

அண்ணி சட்டென்று திரும்பி, "கேக்குதுயா" என்றாள். அதே நொடியில் ஸ்பீக்கருக்குள்ளிருந்தும் அவள் குரல், "கேக்குதுயா" என்றது. அன்றைக்கு அவள் சொன்ன பதிலும் அதில் பதிவாகியிருந்தது. அதற்கப்புறம் நீ பேசவில்லை. மூச்சு விடுவது மட்டும் கேட்டது. எதற்காகக் காத்திருந்தாய், அண்ணா?

அண்ணி முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "இத்த இனிமே போடாத நைனா. இன்னொருவாட்டி கேட்டாருன்னா, நான் எழுந்து போய்டுவேன்."

போட மாட்டேன். அந்த மூலைக்கு யாரும் போகாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. லாரிக்காரர்களை நீ தாராளமாக அதட்டு. அண்ணியை மட்டும் கூப்பிடாதே. அவள் எங்களோடு இருக்கட்டும்.

உன் பூட்டை உடைத்த தம்பி,
குமரன்