நிக்கல் பூசிய ராணி ரூபாய்

இன்று வெள்ளிக்கிழமை. விளக்கு துலக்கப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். மாடத்தில் எல்லாம் மங்கிக் கிடக்க, அந்த ராணித் தலை ரூபாய் மட்டும் பளபளவென்று சிரித்தது. பின்னே, உங்கள் கைவேலை ஆயிற்றே!

கல்யாணத்தன்று என் அம்மா கொடுத்த, வெள்ளைக்காரன் காலத்து வெள்ளிக் காசு அது. அப்போது கன்னங்கரேலென்று இருந்தது. உங்கள் வீட்டில் யாரோ ‘இது வெள்ளிதானா’ என்று கேட்க, என் முகம் சுண்டிப்போனதை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். கும்மிடிப்பூண்டி பிளேட்டிங் கம்பெனியில் வேலை செய்கிறவர் சும்மா இருப்பாரா? என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கொண்டுபோய், சக்கரத்தில் தேய்த்து, நிக்கல் தொட்டியில் முக்கி எடுத்து வந்தீர்கள். சட்டையில் ஆசிட் நெடியோடு வாசலில் நின்று, “கண்ண மூடுமே” என்று கையில் வைத்தீர்கள். ராணியின் மூக்கு பாதி தேய்ந்திருந்தது. ஆனாலும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. தெரு முழுக்கக் காட்டினேன்.

நீங்கள் நோயில் விழுந்தபின் கம்மல் போயிற்று, கொலுசு போயிற்று. கடைசியில் ஆஸ்பத்திரிக்குக் கட்ட இந்தக் காசோடு திருவள்ளூருக்குப் போனோம். பழைய காசு வாங்குகிறவர் லென்ஸ் வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அந்தக் கறுப்புக்குத்தான் விலையாம். தேய்த்தாலே மதிப்பு இறங்கிவிடுமாம். முலாமும் போட்டால் சேகரிப்பவர்கள் தொடமாட்டார்களாம். முலாமை எடுத்தாலும் தேய்ந்த முகம் திரும்பாது என்றார். உருக்குவதென்றால் வெள்ளி எடைக்கு எடுத்துக்கொள்வாராம். உருக்கவா? வெடுக்கென்று வாங்கிக்கொண்டேன். ஆஸ்பத்திரிக்கு என் அண்ணன் உதவினார்.

திரும்பும்போது பஸ்ஸில் நீங்கள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தீர்கள். “உங்கம்மா குடுத்தத நாந்தாம்மே கெடுத்துட்டேன். சும்மா உட்டிருந்தா இப்ப ஒதவியிருக்கும்.”

“இன்னா பேச்சு இது? சும்மா வாங்க” என்று அதட்டி உங்கள் கையைப் பிடித்துக்கொண்டேன். அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை இப்போது உங்கள் படத்துக்கு முன்னால் நின்று சொல்கிறேன், கேளுங்கள்.

நீங்கள் சும்மா விட்டிருந்தால் அன்றே அதை விற்றிருப்போம். நீங்கள் கெடுத்ததால்தான் அம்மா கொடுத்தது என்னிடம் இருக்கிறது. நீங்கள் கொடுத்ததும் அதிலேயே இருக்கிறது.

வெளியே கிளம்பினால் அதை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொள்கிறேன். ஷேர் ஆட்டோ நெரிசலில் அது அழுத்தும்போது நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து இடிப்பது போலிருக்கிறது. தள்ளி உட்காரச் சொல்ல மனசு வருவதில்லை.