கூட்டணி தாவியவர்களின் நிறம்

செப்டம்பர் 3

பிளம் ஜாம் பதினான்கு பாட்டில். மூன்றுக்கு மூடி சரியாகப் பிடிக்கவில்லை. அதை முதலில் தின்று தீர்க்க வேண்டும்.

தபாலில் ஃபுட்பால் அட்டவணை வந்தது. வருஷா வருஷம் வருகிற அதே காந்த அட்டை. ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டுக் கடைசி வரியைப் பார்த்தேன். நவம்பர் கடைசி ஆட்டம் பெயரே கேள்விப்படாத ஏதோ ஒரு ஊரோடு. மார்ஸ்டன் இல்லை.

போன வருஷம் அவர்கள் நம் கல்லூரிகளின் ஆட்டக் கூட்டணியை விட்டுப் போகிறோம் என்று அறிவித்தபோதே தெரியும்தான். ஆனாலும் அந்த ஒரு ஆட்டத்தையாவது விட்டுவைப்பார்கள் என்று நினைத்தேன். எங்கள் கோல்ட்டரும் மார்ஸ்டனும் மோதாமல் ஒரு நவம்பரா? அந்தச் சனிக்கிழமையை டி.வி.க்காரன் வேறு ஆட்டத்துக்கு வாங்கிவிட்டானாம். மார்ஸ்டன் பையன்கள் நாட்டின் அந்தக் கோடிக்குப் பறந்து போய் யாரோடோ ஆடப் போகிறார்கள்.

அட்டையைப் பிய்த்துக் குப்பையில் போட்டேன். அப்புறம் எடுத்துத் துடைத்து மறுபடி ஒட்டினேன். நம் பையன்கள் என்ன செய்வார்கள், பாவம்.

செப்டம்பர் 4

வெர்லீன் போன் செய்தாள். "அக்கா, இந்த வருஷம் ஆரஞ்சு ஸ்வெட்டர் போடற கஷ்டம் உனக்கு இல்ல பாரு" என்று சிரிக்கிறாள்.

அம்மா போன பிறகு இவளுக்குத் தலை வாரிவிட்டவள் நான். அப்பா எங்களை ஒரு ஆப்பிள் தோட்டத்திலிருந்து இன்னொரு ஆப்பிள் தோட்டத்துக்கு இழுத்துக்கொண்டு அலைந்தார். நான் ஐந்தாவதோடு நின்றேன். இவளை நிற்க விடவில்லை. இவள் மலைக்கு அந்தப் பக்கம் போய் மார்ஸ்டனில் படித்து, டீச்சராகி, கடற்கரைக்காரியாகவே ஆகிவிட்டாள். நான் இந்தப் பக்கம் கோல்ட்டர் கல்லூரிச் சாப்பாட்டுக் கூடத்தில் முப்பத்தொரு வருஷம் முட்டை உடைத்தேன்.

எங்கள் பந்தயம் 1974-இல் ஆரம்பித்தது. நவம்பர் ஆட்டத்தில் எவள் கல்லூரி தோற்கிறதோ அவள் நன்றி நாள் விருந்தில் மற்றவள் நிறத்து ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும். கடைசியில் வருகிற பூசணிப் பை என்ற இனிப்பைத் தின்று முடிக்கும்வரை கழற்றக் கூடாது. அவள் பின்னிய மார்ஸ்டன் ஆரஞ்சு என் வீட்டில் இருக்கிறது, நான் பின்னிய கோல்ட்டர் பச்சை அவள் வீட்டில்.

"ஓடிப்போனவங்க நிறம் இனி என் உடம்புல ஏறாதுடீ" என்றேன்.

"ஓடினது நானா? எவனோ கையெழுத்துப் போட்டதுக்கு என்னை ஏன் கடிக்கற?"

வேறு யாரைக் கடிப்பது? அவனுடைய போன் நம்பரா என்னிடம் இருக்கிறது?

செப்டம்பர் 14

ஆட்டம் மத்தியானம் ஒரு மணிக்கு என்றார்கள். அப்புறம் டி.வி.க்காக ஏழரைக்கு மாற்றினார்கள். அறுவடை முடிந்து தொலைவிலிருந்து வருகிறவர்கள் எப்போது வீடு போய்ச் சேருவார்கள் என்று எவனாவது யோசித்தானா?

மைதானத்தின் ஓரத்தில் டி.வி.க்காரனின் ஆள், சிவப்புக் கை வைத்த சட்டைக்காரன் ஒருவன் நிற்கிறான். அவன் கையைத் தூக்கினால் ஆட்டம் நிற்கும். நடுவர் உட்பட எல்லோரும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். டி.வி.யில் லாரி விளம்பரம் ஓடி முடியும்வரை இங்கே வேர்த்த பையன்கள் குளிரில் ஆவி பறக்க நிற்க வேண்டும். ஒரு தடவை எழுந்து கத்தினேன்: "ஏய் சிவப்புச் சட்டை! கையைக் கீழ போடு, பசங்க உறைஞ்சு போறாங்க!" பக்கத்தில் இருந்த என் மகன் கர்ட் கோட்டைப் பிடித்து இழுத்தான். "அம்மா, அவர் வேலையை அவர் பாக்கறார்."

யார்தான் வேலையைப் பார்க்கவில்லை? எல்லோரும் அவரவர் வேலையைப் பார்த்துத்தான் இந்த கதி.

நாங்கள் ஜெயித்தோம். "மோது, கோல்ட்டர், மோது!" என்று கத்தித் தொண்டை போய்விட்டது.

செப்டம்பர் 29

காலையில் ஸ்நேக் ஆற்றங்கரைக்குக் கர்ட் கூட்டிப் போனான். மேரனுக்குப் படகுப் பயிற்சி. கர்ட்டின் மகள். கோல்ட்டரில் மூன்றாம் வருஷம், எட்டுப் பேர் படகில் நாலாவது துடுப்பு. எங்கள் வீட்டிலிருந்து அந்தக் கல்லூரிக்குள் முன்வாசல் வழியாகப் போன முதல் ஆள் அவள். நான் முப்பத்தொரு வருஷமும் சமையலறைக் கதவு வழியாகத்தான் போனேன்.

விசித்திரமான விளையாட்டு. போகிற திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போகிறார்கள். விட்டு வந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே இழுக்கிறார்கள். டி.வி.க்கு இதில் ஒன்றும் கிடைக்காது. அதனால் கரையில் அப்பா அம்மாக்களும் வாத்துகளும் மட்டும்தான்.

என்ன முதுகு அந்தப் பெண்ணுக்கு!

அக்டோபர் 9

படகுப் போட்டியை நிறுத்துகிறார்கள்.

கிறிஸ்துமஸ் விடுமுறையோடு முடிந்தது. வசந்த காலப் பந்தயங்கள் கிடையாது. பழைய கூட்டணி உடைந்ததால் டி.வி. பணம் போய்விட்டதாம், ஃபுட்பாலைக் காப்பாற்ற மற்றதைக் குறைக்கிறார்களாம். படகு என்ன பாவம் செய்தது? பெரிய இடத்துக்காரன் பங்கைத் தூக்கிக்கொண்டு போவான், இங்கே ஒரு பெண்ணின் துடுப்பைப் பிடுங்குவார்களா? எந்த ஊர் நியாயம் இது?

மேரன் போனில் அழவில்லை. "பாத்துக்கலாம் பாட்டி" என்றாள்.

நான் அழுதேன். கோபத்தில்.

அக்டோபர் 10

பாத்திரம் கழுவும்போது நல்ல கிண்ணம் ஒன்று உடைந்தது. உடைத்தேன்.

அக்டோபர் 17

கல்லூரி அரங்கில் கூட்டம். விளையாட்டுத் துறைத் தலைவர் மேடையில் படம் போட்டுக் காட்டினார். கோடுகள், கட்டங்கள். மேரனும் நானும் நடுவரிசையில் உட்கார்ந்திருந்தோம். யாராவது பேசலாம் என்றதும் நான் எழுந்தேன். காகிதம் எதுவும் கொண்டு போகவில்லை.

"முப்பத்தொரு வருஷம் இந்தக் காலேஜுக்கு முட்டை உடைச்சவ நான். ஃபுட்பால் பையனுக்கு ஆறு முட்டை, படகுப் பொண்ணுக்கு மூணுன்னு ஒரு நாளும் போட்டதில்ல. பசிக்கு வித்தியாசம் கிடையாது. உங்களுக்கு மட்டும் எப்படி வந்துச்சு?"

கை தட்டினார்கள். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். தட்டல் என்னைப் பிடித்துக்கொண்டது.

"மார்ஸ்டன்காரங்க காசுக்காகத் தாவிட்டாங்க. மானங்கெட்டவங்க! எங்க வீட்டுப் பொண்ணு துடுப்பைத் தூக்கி அடுப்புல வச்சாலும் வைப்பாளே தவிர, அந்தப் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்கமாட்டா!"

அரங்கமே எழுந்து நின்றது. யாரோ விசில் அடித்தார்கள். உட்கார்ந்து மேரனைப் பார்த்தேன். அவள் தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூச்சம் என்று நினைத்தேன்.

அக்டோபர் 19

உள்ளூர்ப் பேப்பரில் என் படம். வாய் திறந்தபடி. கர்ட் மூன்று பிரதி வாங்கி வந்தான்.

நவம்பர் 11

வெர்லீன் போன் செய்தாள். இந்தத் தடவை கிண்டல் இல்லை.

"அக்கா, கோபப்படாம கேளு. மேரனுக்கு எங்க காலேஜ் படகுல இடம் குடுத்து லெட்டர் எழுதினாங்க. ஜனவரில சேரலாம். படிப்புச் செலவு அவங்களோடது. என் வீட்டுல தங்கறதா பேசியிருந்தோம்."

"பேசியிருந்தீங்களா? எப்ப? என் பேத்தியைத் தூண்டில் போட்டுப் பிடிக்கறியா? உன்னை வளத்ததுக்கு இதான் பலனா?"

கத்தித் தீர்க்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். கணக்கு டீச்சர், பொறுமை அதிகம். அப்புறம் சொன்னாள்:

"அவ வேண்டாம்னு எழுதிட்டா. நீ கூட்டத்துல பேசின மறுநாளே. கோச் டிசம்பர் ஒண்ணு வரைக்கும் அந்த இடத்தை யாருக்கும் குடுக்கமாட்டோம்னு சொல்லியிருக்காங்க. நான் சொன்னா அவ கேக்கமாட்டா அக்கா. நீ ஊர் பூரா அவ பேர்ல சத்தியம் பண்ணிட்ட."

போனை வைத்துவிட்டேன்.

கூட்டத்தன்று அந்தக் கடிதம் அவள் கோட்டுப் பையில் இருந்ததாம். என் முழங்கைக்கு ஒரு சாண் தூரத்தில்.

நவம்பர் 12

வெர்லீன் மேல் கோபம். மார்ஸ்டன் மேல் கோபம். டி.வி. மேல். சிவப்புச் சட்டைக்காரன் மேல். மேரன் மேலும்தான் — என்னிடம் சொன்னால் என்ன, நான் என்ன புலியா?

ஆமாம். புலிதான். பேப்பரில் படமே போட்டிருக்கிறார்களே.

நவம்பர் 14

படகுக் கொட்டகைக்குப் போனேன். மேரன் தன் பெட்டியைக் காலி செய்துகொண்டிருந்தாள். உள்ளங்கை பூராவும் காய்ப்பு. படிப்புச் செலவுக்காக ஊரில் ஒரு தீவனக் கடையில் கல்லாவில் உட்காரப் பேசிவிட்டாளாம், ஜனவரியிலிருந்து.

"மார்ஸ்டன்ல கூப்பிட்டாங்களாமே?" என்றேன்.

"சித்திப் பாட்டி உளறிட்டாங்களா? வேண்டாம்னுட்டேன்."

"ஏன்?"

"பரவால்ல பாட்டி. எனக்கு அது அவ்வளவு பிடிக்கல."

சிரித்துக்கொண்டே சொன்னாள். துடுப்புக் கையுறையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டே.

காரில் வரும்போது அந்த வார்த்தையை எங்கே கேட்டேன் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். கர்ட் ஏதோ பேசினான், காதில் விழவில்லை. வீட்டு வாசலில் இறங்கும்போது ஞாபகம் வந்தது. பதினொரு வயது. ஆப்பிள் பெட்டிகளுக்கு நடுவில் அப்பா சொன்னார், "போதும் படிச்சது, தங்கச்சியைப் பாத்துக்க." டீச்சரம்மா லாரி கிளம்புகிற இடத்துக்கே வந்து ஏன் பள்ளியை விட்டு நிற்கிறாய் என்று கேட்டாள். அப்பா பக்கத்தில் நின்றார்.

பரவால்ல டீச்சர். எனக்கு அது அவ்வளவு பிடிக்கல.

நானும் சிரித்துக்கொண்டுதான் சொன்னேன்.

நவம்பர் 15

எப்படிச் சொல்வது? "போ" என்று சொன்னால் நம்பமாட்டாள். பாட்டி மனசுக்குள் வெந்துகொண்டே சொல்கிறாள் என்று தெரிந்துவிடும். வெந்துகொண்டுதான் இருக்கிறேன். அந்தப் பயல்கள் செய்தது தப்பு. நாளைக்குக் கேட்டாலும் தப்பு, நான் செத்த பிறகு கேட்டாலும் தப்பு. ஆனால் அதற்கு அபராதம் கட்ட இந்தப் பெண்தான் கிடைத்தாளா?

நவம்பர் 23

ஆட்டம் இல்லாத சனிக்கிழமை. அந்தப் பெயர் தெரியாத ஊரோடு நம் பையன்கள் ஆடினார்கள். நான் போகவில்லை. அடுப்பைத் துடைத்தேன். ஐம்பது வருஷத்தில் இந்த நாளில் அடுப்பைத் துடைத்ததில்லை.

நவம்பர் 28

நன்றி நாள். வெர்லீன் முந்தின நாளே மலை தாண்டி வந்துவிட்டாள், பனி விழும் முன்னால். நாங்கள் இருவரும் தேவைக்கு மட்டும் பேசினோம். உப்பு எங்கே, கத்தி எங்கே.

வான்கோழியை மேசையில் வைத்த பிறகு, "எல்லாரும் உட்காருங்க, வந்துடறேன்" என்று அறைக்குள் போனேன். கட்டிலுக்கு அடியில் பெட்டி. பூச்சி உருண்டை வாசனை. மார்பில் அந்தப் பழைய குழம்புக் கறை, இன்னும் போகவில்லை. தலை வழியாக மாட்ட இரண்டு தடவை ஆயிற்று. வயசு.

ஆரஞ்சு ஸ்வெட்டரோடு வெளியே வந்தேன். கர்ட் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

"என்னம்மா இது? ஆட்டமே நடக்கலையே!"

"நடந்துச்சு" என்றேன். "நான் தோத்துட்டேன்."

மேரன் என்னையே பார்த்தாள். நான் உருளைக்கிழங்கைப் பரிமாறிக்கொண்டே சொன்னேன், அவள் முகத்தைப் பார்க்காமல்:

"நான் அவங்க மேல கோபமாத்தான் இருக்கேன். அது என் கோபம். அதுல உன்னை உட்கார வச்சது தப்பு. துடுப்பு உன்னோடது. கடைசித் தேதி என்னைக்கு?"

"ஞாயித்துக்கிழமை" என்றாள்.

"அப்ப பூசணிப் பை தின்னுட்டு எழுது."

வெர்லீன் எழுந்து அடுக்களைப் பக்கம் போய்விட்டாள். மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தவள், "அக்கா, கழுத்துப் பக்கம் முன்னும் பின்னும் மாத்திப் போட்டிருக்க" என்றாள்.

"போடி. நீ பின்னின லட்சணம்."

மேரன் சிரித்தாள். அப்புறம் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு வந்து என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அந்த நாற்றம் பிடித்த கம்பளியில்.

பை முடியும்வரை கழற்றவில்லை. விதி விதிதான்.

டிசம்பர் 2

தீவனக் கடையில் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "என்ன ஆர்டித், அந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்கமாட்டான்னீங்க?" கல்லாக்காரன் கேட்டான். எல்லோரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

"என் தலையைச் சொன்னேன்" என்றேன்.

முகம் சுட்டது. கோழித் தீவனம் வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஜனவரி 5

கிளம்பிவிட்டாள். பிளம் ஜாம் நாலு பாட்டில் கொடுத்தேன். மூடி சரியாகப் பிடித்ததாகப் பார்த்து.

பிப்ரவரி 20

மார்ஸ்டன் ஃபுட்பால்காரர்களுக்குப் புது மாளிகை கட்டுகிறார்களாம், உள்ளே அருவியோடு. பேப்பரைக் கிழித்துக் கோழிக் கூண்டில் விரித்தேன்.

ஏப்ரல் 12

மலைக்கு அந்தப் பக்கம். ஏரிக்கரை. நல்ல காற்று, குளிர். பச்சைக் கோட்டைக் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு நின்றேன். வெர்லீன் பைனாகுலரைத் தரமாட்டேன் என்கிறாள், அவளுக்கே தெரிய வேண்டுமாம்.

ஒரு கேமராகூட இல்லை. சிவப்புச் சட்டைக்காரனும் இல்லை. யாரும் கையைத் தூக்கி எதையும் நிறுத்தவில்லை. ஆறு படகுகள் கிளம்பின, நிற்காமல் வந்தன.

தூரத்தில் எல்லாம் ஒன்று போலத்தான் இருந்தன. ஆனால் அந்த முதுகு எனக்குத் தெரியும். நாலாவது துடுப்பு. கடைசி இருநூறு கெஜத்தில் அவள் படகும் இன்னொன்றும் ஒட்டிக்கொண்டு வந்தன. என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"மோது, கோல்ட்டர், மோது!"

கரையே திரும்பிப் பார்த்தது. அந்த ஏரியில் கோல்ட்டர் படகு எதுவும் கிடையாது.

"அக்கா! வாயை மூடு! அது எங்க படகு!" வெர்லீன் என் கையைக் கிள்ளினாள்.

இரண்டாவதாக வந்தார்கள். ஒரு கை நீளத்தில் போயிற்று. எல்லைக் கோட்டைத் தாண்டிய பிறகு படகு மெதுவாக எங்களைக் கடந்து மிதந்தது. இப்போது அவள் முகம் எங்கள் பக்கம். வாய் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு கரையில் யாரையோ தேடினாள்.

காற்று இன்னும் அடங்கவில்லை. வெர்லீன் பார்க்காத பக்கமாகத் திரும்பி, கோட்டின் மேல் பொத்தான் இரண்டைக் கழற்றிவிட்டேன். உள்ளே இருந்த ஆரஞ்சு அவ்வளவு தூரத்துக்குத் தெரிந்திருக்கும்.